வடசென்னையில் ஒரு தனியார் மகப்பேறு மருத்துவமனை: காப்பீட்டு அட்டையுடன் ஆறு நாட்கள்

என் மகளின் தலைப்பிரசவத்துக்காக வடசென்னையில் உள்ள நடுத்தர அளவிலான ஒரு தனியார் மகப்பேறு மருத்துவமனையில் ஆறு நாட்கள் தங்கியிருந்தோம். அதன் பெயரை எழுதப்போவதில்லை. நான் குறையாகச் சொல்லவிருப்பவற்றில் பெரும்பாலானவை அந்த ஒரு கட்டடத்துக்கு மட்டும் உரியவை அல்ல என்பதும், பெயரைச் சொன்னால் படிப்பவர்கள் அதை மட்டும் தவிர்த்துவிட்டு அடுத்த தெருவில் இருப்பதற்குள் அதே நம்பிக்கையோடு நுழைந்துவிடுவார்கள் என்பதும்தான் காரணம். நிறுவனம் எடுத்துக் கொடுத்த காப்பீட்டை வைத்துக்கொண்டு பிரசவத்துக்கு இடம் தேடுகிற குடும்பங்களுக்கு இது பயன்படும். மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு மூன்று கொடுப்பேன். மாநகராட்சிப் பள்ளியில் முப்பத்தொரு ஆண்டுகள் கணக்கு நடத்தியவள் என்பதால், அந்த மூன்று எப்படி வந்தது என்று காட்டாமல் விட எனக்கு மனம் வராது.

தாய்வீட்டில் தலைப்பிரசவம் என்ற வழக்கப்படி ஏழாம் மாத வளைகாப்பு முடிந்ததும் மகள் தண்டையார்பேட்டைக்கு வந்துவிட்டாள். இந்த மருத்துவமனையைத் தேர்ந்தெடுத்ததற்கு முதல் காரணம், கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டைத் தாண்டாமல் போய்ச் சேர முடியும் என்பதே. அந்த கேட் மூடியிருக்கும்போது வலி எடுத்த பெண்ணோடு ஆட்டோவில் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்பதை இந்தப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இரண்டாவது காரணம், மாப்பிள்ளையின் நிறுவனம் எடுத்திருந்த குழுக் காப்பீட்டில் இந்த மருத்துவமனை கேஷ்லெஸ் பட்டியலில், அதாவது நாம் கட்டாமல் காப்பீட்டு நிறுவனமே நேரடியாகப் பணம் கட்டும் மருத்துவமனைகளின் பட்டியலில், இருந்தது. தரை, கழிப்பறை, படுக்கை விரிப்பு ஆகிய மூன்றும் எந்நேரமும் சுத்தமாக இருந்தன. லிஃப்ட் வேலை செய்தது. இதற்கு மேல் கட்டடத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

எழுத வேண்டியது தரைத்தளத்தில் இருந்த இன்சூரன்ஸ் மேசையைப் பற்றித்தான். முப்பத்தாறாவது வாரப் பரிசோதனைக்குப் போயிருந்தபோது, முன்அனுமதிப் படிவத்தை அப்போதே நிரப்பி வைத்துவிட்டால் கடைசி நேர அலைச்சல் இருக்காது என்று அந்த மேசையில் இருந்த பெண் சொன்னார். கனிவாகத்தான் பேசினார். படிவத்தில் சிகிச்சையின் பெயர் என்ற கட்டத்தில் எல்.எஸ்.சி.எஸ். என்று எழுதினார். அது சிசேரியனின் சுருக்கப் பெயர் என்பது எனக்குத் தெரியும். குழந்தையின் தலை கீழே திரும்பியிருக்கிறது, எடை சரியாக இருக்கிறது, சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இல்லை, வலியே இன்னும் வரவில்லை, இப்போதே ஏன் அறுவை என்று எழுதுகிறீர்கள் என்று கேட்டேன். அவருடைய பதிலை அப்படியே தருகிறேன்: “பெரிய தொகைக்கு அப்ரூவல் வாங்கி வச்சிட்டா பிரச்சினை இல்லம்மா. நார்மல் ஆச்சுன்னா குறைச்சுக்குவாங்க. நார்மல்னு போட்டுட்டு அப்புறம் மாத்துறதுதான் கஷ்டம்.”

இதில் சூழ்ச்சி எதுவும் இருந்ததாக நான் நினைக்கவில்லை. மேசை வேலை பார்ப்பவருக்கு அது அனுபவத்தில் வந்த எளிய வழி. ஆனால் அந்த மேசைக்குப் பின்னால் சுவரில் ஒட்டியிருந்த பட்டியலையும் எங்கள் பாலிசியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கணக்கு வேறு விதமாகத் தெரிகிறது. மருத்துவமனையின் பேக்கேஜ் நார்மலுக்கு ரூ.48,000, சிசேரியனுக்கு ரூ.85,000. பாலிசியின் உச்சவரம்பு நார்மலுக்கு ரூ.50,000, சிசேரியனுக்கு ரூ.75,000. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் பெரும்பகுதியைக் காப்பீடு ஏற்றுக்கொள்வதால், எங்கள் கையிலிருந்து போவது ரூ.10,000 மட்டுமே, மருத்துவமனைக்குக் கூடுதலாகக் கிடைப்பதோ ரூ.37,000. சொந்தப் பணமாக இருந்தால் ரூ.37,000 என்றதும் குடும்பத்தில் யாராவது ஒருவர், “இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கலாமே டாக்டர்” என்று கேட்டிருப்பார்கள். பாலிசி அந்தக் கேள்வியை எங்கள் வாயிலிருந்து எடுத்துவிட்டது.

முப்பத்தொன்பதாவது வாரத்தில் பனிக்குட நீர் சற்றுக் குறைவாக இருக்கிறது என்று ஸ்கேனில் வந்ததால், ஒரு திங்கட்கிழமை மாலை சேர்த்து இரவில் வலி வரவழைக்கும் ஜெல் வைத்தார்கள். செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பனிக்குடத்தை உடைத்து, வலியைக் கூட்டும் மருந்தை ட்ரிப்பில் ஏற்றினார்கள். வயிற்றைச் சுற்றி, குழந்தையின் இதயத்துடிப்பைப் பதியும் சி.டி.ஜி. கருவியின் பட்டையைக் கட்டி, மல்லாந்து படுத்தே இருக்க வேண்டும், எழுந்து நடக்கக் கூடாது என்றார்கள். லேபர் அறைக்குள் எங்களில் ஒருவரையும் விடவில்லை. கதவின் கண்ணாடிச் சதுரம் வழியாக என் மகளின் பாதங்களும், கருவியிலிருந்து மெல்ல இறங்கித் தரையைத் தொட்டுக்கொண்டிருந்த இளஞ்சிவப்புக் கட்டம் போட்ட காகிதமும் மட்டுமே தெரிந்தன. அந்தக் காகிதம் தரையில் மடிந்து மடிந்து சேர்வதைப் பார்த்தபடி ஐந்து மணி நேரம் நின்றிருந்தேன். இரண்டு மணிக்கு மருத்துவர் வெளியே வந்து, கருப்பை வாய் நான்கு சென்டிமீட்டர் திறந்ததோடு நிற்கிறது, முன்னேற்றம் இல்லை, ஆபரேஷன் செய்துவிடலாம் என்றார். ஒப்புதல் படிவம் ஆங்கிலத்தில் மூன்று பக்கம் இருந்தது. மாப்பிள்ளை படிக்காமல் கையெழுத்துப் போட்டார். 2 மணி 48 நிமிடத்துக்குப் பெண் குழந்தை, 2.9 கிலோ. தாயும் சேயும் நலம். அந்த நேரத்தில் எனக்கு வேறு எதுவும் முக்கியமாகப் படவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

பிறகு படித்துத் தெரிந்துகொண்டவை இவை. உலக சுகாதார நிறுவனத்தின் 2018ஆம் ஆண்டு வழிகாட்டுதல், பிரசவத்தின் தீவிரக் கட்டம் ஐந்து சென்டிமீட்டரில்தான் தொடங்குகிறது என்றும், மணிக்கு ஒரு சென்டிமீட்டர் திறக்க வேண்டும் என்ற பழைய அளவுகோலை வைத்து மட்டும் தலையிடக் கூடாது என்றும் சொல்கிறது. செயற்கையாக வலி வரவழைக்கும்போது, தாயும் சேயும் நன்றாக இருக்கும்பட்சத்தில், பனிக்குடம் உடைத்து ட்ரிப் தொடங்கிய பிறகு குறைந்தது 12 முதல் 18 மணி நேரமாவது பார்த்த பின்பே முயற்சி தோற்றது என்று முடிவு செய்யலாம் என்பது அமெரிக்க மகப்பேறு மருத்துவர் அமைப்புகள் 2014இல் வெளியிட்ட ஒருமித்த கருத்து. என் மகளுக்குக் கிடைத்தவை ஐந்து மணி நேரம். வலி வரவழைப்பதே தவறு என்றும் நான் சொல்ல வரவில்லை. முதல் பிரசவத்தில் முப்பத்தொன்பதாவது வாரத்தில் வலி வரவழைத்த பெண்களிடம் சிசேரியன் சற்றுக் குறைந்தது என்று 2018இல் வெளிவந்த பெரிய அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. ஜெல் வைத்ததில் எனக்குக் குறையில்லை. வைத்துவிட்டுக் காத்திருக்க ஆளில்லாமல் போனதில்தான் குறை. அன்று மாலை நான்கு மணிக்கு மயக்க மருந்து நிபுணர் வேறொரு மருத்துவமனைக்குப் போக வேண்டியிருந்தது என்பதை ஒரு செவிலியர் பேச்சுவாக்கில் சொன்னார். ஒரே மகப்பேறு மருத்துவர், அழைத்தால் மட்டும் வருகிற ஒரு மயக்க மருந்து நிபுணர், காலையிலிருந்து நிரம்பி வழியும் புறநோயாளிகள் பிரிவு என்று இயங்கும் இடத்தில், நடு இரவு வரை நீளக்கூடிய பிரசவத்தைவிட மூன்று மணிக்குள் முடிந்துவிடுகிற அறுவை எல்லோருக்கும் தோதாக அமைந்துவிடுகிறது.

டிஸ்சார்ஜ் சம்மரியில் அறுவைக்கான காரணமாக, கருவின் இதயத்துடிப்பில் மாறுபாடு என்று எழுதியிருந்தது. எங்களிடம் வாயால் சொன்னதோ முன்னேற்றமின்மை. இரண்டும் சேர்ந்தே இருந்திருக்கலாம். விளக்கம் கேட்டபோது, “இன்சூரன்ஸுக்கு இப்படி எழுதினாதான் கேள்வி வராது” என்ற பதில் வந்தது. என் மதிப்பெண்ணில் ஒன்று முழுதாகக் கழிந்தது இந்த இடத்தில்தான்.

என் மகளின் கதையை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதுவது சரியாகாது. தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றுப்படி, 2019–21இல் இந்திய அளவில் பிரசவங்களில் 21.5 விழுக்காடு சிசேரியன், தமிழ்நாட்டில் 44.9 விழுக்காடு. அதற்கு முந்தைய 2015–16 சுற்றில் தமிழ்நாட்டின் எண் 34.1. தனியார் மருத்துவமனைகளை மட்டும் எடுத்தால் மாநிலத்தில் 63.8, அரசு மருத்துவமனைகளில் 36. தெலங்கானாவின் தனியார் மருத்துவமனைகள் 81.5 விழுக்காட்டைத் தொட்டுவிட்டதால் நாம் ஆறுதல் அடையலாம் என்றால் அடைந்துகொள்ளலாம். மக்கள்தொகை அளவில் சிசேரியன் விகிதம் பத்து விழுக்காட்டைத் தாண்டிய பிறகு தாய், சேய் இறப்பு மேலும் குறைவதாகத் தெரியவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் கூறியது. அதே அறிக்கை, ஒரு குறிப்பிட்ட எண்ணைத் துரத்துவதைவிடத் தேவைப்படும் ஒவ்வொரு பெண்ணுக்கும் அறுவை கிடைக்கச் செய்வதே முக்கியம் என்றும் சொல்கிறது. மேற்கோள் காட்டுபவர்கள் இந்த இரண்டாவது பாதியை வசதியாக மறந்துவிடுகிறார்கள். என் அத்தை ஒருவர் வீட்டுப் பிரசவத்தில் இரண்டு நாள் வலியோடு கிடந்து இறந்தவர். கத்தியைப் பழிக்கும் உரிமை எங்கள் குடும்பத்துக்கு இல்லை.

காப்பீடுதான் காரணம், கட்டணத்தைச் சமப்படுத்திவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நானும் முதலில் நம்பினேன். அந்த நம்பிக்கையைத் தைவான் கெடுத்தது. 1995இல் நாடு முழுவதற்கும் தேசிய நலக் காப்பீட்டைக் கொண்டுவந்த தைவான், சிசேரியன் விகிதம் மூன்றில் ஒரு பங்கிலேயே நிற்பதைக் கண்டு, 2005 மே மாதம் இயல்பான பிரசவத்துக்கு மருத்துவமனைக்குத் தரும் தொகையைச் சிசேரியனுக்கு இணையாக உயர்த்தியது. பெரிய மாற்றம் எதுவும் நிகழவில்லை. தொகை சமமானாலும் மருத்துவரின் இரவு சமமாகவில்லை என்பது ஒரு பக்கம். சோதிடர் குறித்துக் கொடுத்த நல்ல நாளில், நல்ல வேளையில் பிள்ளை பிறக்க வேண்டும் என்ற ஆசை அங்கேயும் வலுவாக இருப்பது மறுபக்கம். 1989 முதல் அனைவருக்கும் காப்பீடு வைத்திருக்கும் தென்கொரியாவில் இன்று பாதிக்கும் மேற்பட்ட பிரசவங்கள் சிசேரியன். அங்கே முதல் குழந்தை பெறும் தாயின் சராசரி வயது 33ஐ எட்டிவிட்டது. வழக்குக்கு அஞ்சி மகப்பேறு மருத்துவத்தை விட்டே விலகுகிற மருத்துவர்களின் பற்றாக்குறையும் சேர்ந்திருக்கிறது. தேசியக் காப்பீடு சிசேரியனை எளிதில் கிடைக்கச் செய்கிறது. அதைக் கூட்டுவதற்கு வேறு காரணங்கள் ஏற்கெனவே வரிசையில் நிற்கின்றன.

நம் ஊர் அரசு மருத்துவமனைகளின் எண்ணும் இதைத்தான் சொல்கிறது. மத்திய அரசு 2011இல் தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா திட்டப்படி அங்கே பிரசவமும் சிசேரியனும் இலவசம். நார்மலுக்கு மூன்று நாளும் சிசேரியனுக்கு ஏழு நாளும் சாப்பாடு உண்டு. தமிழக அரசு தரும் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவியான ரூ.18,000 எந்த வகைப் பிரசவமானாலும் அதே ரூ.18,000தான். கத்தி வைத்தால் ஒரு ரூபாய் கூடுதலாகக் கிடைக்காத இடத்தில் 36 விழுக்காடு என்றால், அதைப் பணத்தைக் கொண்டு மட்டும் விளக்க முடியாது. ஆரம்ப சுகாதார நிலையங்கள் கையாளத் தயங்கும் சிக்கலான பிரசவங்கள் எல்லாம் பெரிய மருத்துவமனைகளுக்கே வருகின்றன. முதல் பிரசவம் சிசேரியனாக முடிந்தவர்கள் இரண்டாவதற்கும் சிசேரியனாகவே வருகிறார்கள். இரண்டாவது குழந்தையோடு குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனையும் ஒரேயடியாக முடித்துவிடலாம் என்ற எண்ணம் வேறு.

ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனையை ஒப்பிட்டுச் சொல்லாமல் வடசென்னையில் பிரசவம் பற்றி எழுத முடியாது. ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியோடு இணைந்த அந்த மருத்துவமனையில்தான் நானும் என் தம்பிகளும் பிறந்தோம். என் மகளுக்கு அடுத்த வாரம் எங்கள் எதிர்வீட்டுப் பெண்ணுக்கு அங்கே பிரசவமானது. பிரசவத் துணையாக அவளுடைய அம்மாவை உள்ளே விட்டார்கள். வெளியே காத்திருந்தவர்களுக்கு உட்கார இடமில்லை, செவிலியர்களுக்குப் பேச நேரமில்லை. ஆனால் பணிமுறை மாறினாலும் மருத்துவர் ஒருவர் எப்போதும் இருந்ததால், இருபது மணி நேரம் இழுத்த வலிக்குப் பிறகு அவளுக்கு இயல்பாகவே பிறந்தது. நான் கட்டிய பணத்துக்கு ஏ.சி. அறை கிடைத்தது, அவளுக்குக் காசில்லாமல் அந்த இருபது மணி நேரம் கிடைத்தது.

எங்கள் பங்கையும் எழுதிவிடுகிறேன். அன்று செவ்வாய்க்கிழமை, மூன்று மணிக்கு ராகு காலம் தொடங்குகிறது. ஆபரேஷன் என்று மருத்துவர் சொன்ன அடுத்த நிமிடமே சம்பந்தியம்மா, “மூணு மணிக்கு முன்னாடி எடுத்துட முடியுமா டாக்டர்?” என்று கேட்டார். நான் தடுக்கவில்லை, மனத்துக்குள் நானும் அதையே நினைத்தேன். மருத்துவரும் தயக்கமில்லாமல் தலையசைத்தார். 2 மணி 48 நிமிடம் என்பது அப்படி வந்த நேரம். வலி தாங்க மாட்டாள், சின்னப் பெண், எதற்கு வதைக்க வேண்டும் என்று உறவினர் ஒருவர் அதற்கு முந்தைய நாளிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். வலி தெரியாமலிருக்க முதுகில் போடும் எபிடூரல் ஊசி உண்டா என்று நாங்கள் சேரும்போதே விசாரித்திருக்க வேண்டும். அங்கே அது இல்லை என்பது செவ்வாய்க்கிழமை மதியம்தான் தெரிந்தது.

அறுவைக்குப் பிந்தைய கவனிப்புக்கு முழு மதிப்பெண் தருவேன். தாய்ப்பால் புகட்டக் கற்றுக்கொடுத்த மூத்த செவிலியர் ஒருவர் இரவு இரண்டு மணிக்கும் முகம் சுளிக்காமல் வந்தார். தையல் சுத்தமாக ஆறியது. சாப்பாடு மட்டும் பரவாயில்லை ரகம். மூன்றாம் நாள் காசிமேட்டிலிருந்து பால் சுறா வாங்கி, பூண்டு கூடுதலாகப் போட்டுப் புட்டு செய்து எடுத்துப் போனேன். உணவு ஆலோசகர் ஆட்சேபிப்பார் என்று டப்பாவை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு நின்றால், அவர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, பால் ஊற இதைவிட நல்லது கிடையாது என்று சொல்லி எனக்கும் ஒரு கரண்டி கேட்டார்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு டிஸ்சார்ஜ் என்றார்கள். காப்பீட்டு நிறுவனத்தின் இறுதி ஒப்புதல் மாலை ஐந்தரைக்குத்தான் வந்தது. அதுவரை கைக்குழந்தையோடு, அறையைக் காலி செய்யவும் முடியாமல், அது எங்கள் அறைதான் என்று சொல்லவும் முடியாமல் உட்கார்ந்திருந்தோம். கையுறை, டயப்பர், பதிவுக் கட்டணம் என்று பாலிசி ஏற்காத வகையில் ரூ.5,640 தனி. ஆக மொத்தம் நாங்கள் கட்டியது ரூ.15,640. கேஷ்லெஸ் என்ற சொல்லை நம்பி வெறுங்கையோடு போக வேண்டாம்.

இனி இடம் தேடுபவர்கள் அறை வாடகையை விசாரிப்பதற்கு முன்னால் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். இரவில் மகப்பேறு மருத்துவர் கட்டடத்துக்குள்ளேயே இருப்பாரா, பிரசவத் துணைக்கு ஒருவரை விடுவார்களா என்பது ஒன்று. ராப்சன் வகைப்பாட்டின்படி முதல் இரண்டு வகையில் உங்கள் சிசேரியன் விகிதம் எவ்வளவு என்பது மற்றொன்று. ராப்சன் என்ற மருத்துவர் 2001இல் முன்வைத்து, உலக சுகாதார நிறுவனம் 2015 முதல் பரிந்துரைக்கும் முறை அது. தாய்மார்களைப் பத்து வகையாகப் பிரிப்பதால், சிக்கலான பிரசவங்கள் எங்களிடம் அதிகம் வருகின்றன என்ற சமாதானத்துக்கு இடம் தராது. முதல் பிரசவம், ஒற்றைக் குழந்தை, நிறைமாதம், தலை கீழே என்றால் அந்த முதல் இரண்டு வகைக்குள் வந்துவிடும். தானாக வலி வந்தால் முதல் வகை, வரவழைத்தாலோ வலி வருமுன்பே அறுவை செய்தாலோ இரண்டாவது. எங்கள் மருத்துவமனையில் இதைக் கேட்டபோது அப்படி ஒரு கணக்கு வைத்துக்கொள்வதில்லை என்றார்கள்.

ஆறாவது வாரப் பரிசோதனைக்குப் போனோம். எல்லாம் நன்றாக இருப்பதாக மருத்துவர் சொன்னார். அடுத்த பிரசவத்தில் இயல்பாக முயன்று பார்க்கலாமா என்று மகள் கேட்டாள். முதலில் சிசேரியன் ஆனவர்களில் தகுதியுள்ளவர்கள் முயன்றால் நூற்றுக்கு அறுபது முதல் எண்பது பேருக்கு இயல்பாகப் பிறக்கிறது என்று அவள் எங்கோ படித்திருந்தாள். அந்த ரிஸ்க் இங்கே எடுப்பதில்லை, முப்பத்தெட்டாவது வாரத்தில் வந்துவிட்டால் நீங்களே நல்ல நாளாகப் பார்த்துச் சொல்லலாம் என்றார் மருத்துவர். வரும் வழியில் இன்சூரன்ஸ் மேசையில் அந்தப் பெண் பாப்பாவைக் கொஞ்சிவிட்டு, பாப்பாவின் பெயரைப் பாலிசியில் சேர்க்கிற படிவத்தை எடுத்து நீட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் சி.டி.ஜி. காகிதத்தின் நகலையும் சம்மரியையும் மஞ்சள் உறையில் போட்டு, மகளின் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் இருக்கும் பெட்டியில் வைத்தேன். அடுத்த முறை ராயபுரத்துக்குப் போனால் அங்கே முதலில் கேட்பது அதைத்தான்.